எட்டாம் வகுப்பில் எடுக்கும் முடிவு: அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையும் அயல்மொழிப் பாடமும்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகராகப் பணிபுரிகிறேன். அடுத்த கல்வியாண்டுக்கான பாடத் தேர்வுப் படிவங்களைப் பள்ளிகள் கேட்கத் தொடங்கும் நாள்களில், தமிழ்ப் பெற்றோர் என்னிடம் மிகுதியாகக் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "ஸ்பானிஷ் இரண்டு வருடம் முடித்துவிட்டாள். இனி அதை விட்டுவிட்டுக் கணினி அறிவியலில் இன்னொரு பாடம் எடுக்கலாமா?" எந்த ஆண்டில் எந்தக் கணிதப் பாடம் என்று ஆறாம் வகுப்பிலேயே திட்டமிட்டுவிடும் குடும்பங்கள்கூட, அயல்மொழியை மட்டும் கால அட்டவணையில் மீந்த இடத்தை நிரப்பும் பாடமாகக் கருதுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றோடு அயல்மொழியையும் சேர்த்து ஐந்து முதன்மைப் பாடங்களாகவே சேர்க்கை அலுவலர்கள் மதிப்பெண் பட்டியலைப் படிக்கிறார்கள்.

குழப்பத்தின் வேர், கட்டாயம் என்பதற்கும் பரிந்துரை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவதில் இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக அமைப்பு, ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியில் 2 ஆண்டுப் படிப்பைக் கட்டாயமாக்கி, 3 ஆண்டுகளைப் பரிந்துரைக்கிறது. எம்ஐடி பரிந்துரைப்பது 2 ஆண்டுகள். ஸ்டான்ஃபோர்டு பரிந்துரைப்பது 3 அல்லது அதற்கு மேல். பிரின்ஸ்டன் ஒரே மொழியில் 4 ஆண்டுகளை எதிர்பார்க்கிறது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்போ, அயல்மொழிக்கு மாற்றாக 2 ஆண்டுக் கணினி அறிவியலையும் ஏற்றுக்கொள்கிறது. அம்மாநிலத்தில் வாழும் ஒரு குடும்பம் இந்த விதியை மட்டும் நம்பி மொழிப் பாடத்தை முழுவதுமாகத் தவிர்த்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் வெளிமாநிலத் தனியார் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்க முடிவு செய்தபோது, அந்த மாணவரிடம் காட்டுவதற்கு ஓராண்டு மொழிப் படிப்புகூட இல்லை. ஒரு குறையினால் மட்டும்தான் இடம் கிடைக்கவில்லை என்று எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும், தவிர்த்திருக்கக்கூடிய குறை அது.

இரண்டாவது குழப்பம், ஆண்டுக் கணக்கும் நிலைக் கணக்கும் பற்றியது. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் இரண்டு ஆண்டுகளாகப் பிரித்துப் படித்த முதல் நிலை ஸ்பானிஷ், உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்குச் சமமாகவே கொள்ளப்படுகிறது. அதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் கணக்கில் சேர்த்துக்கொள்வதால், ஒன்பதாம் வகுப்பில் இரண்டாம் நிலையில் நுழையும் மாணவர் அவ்வாண்டின் முடிவிலேயே கட்டாயத் தேவையை நிறைவு செய்துவிடுகிறார். கீழ்நிலையில் குறைந்த தரம் வாங்கியவரும், அடுத்த நிலையில் 'சி' அல்லது அதற்கு மேல் பெற்றால், முந்தைய குறை அங்கே ஈடுசெய்யப்படுகிறது. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் இப்படிக் கணக்கிடுவதில்லை. சில கல்லூரிகள் மாணவர் எட்டிய நிலையைப் பார்க்கின்றன. சில, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எத்தனை ஆண்டுகள் படித்தார் என்று பார்க்கின்றன. ஆகவே, முன்கூட்டியே தொடங்கியவர் முன்கூட்டியே நிறுத்தலாம் என்று முடிவு செய்வதற்குமுன், விண்ணப்பிக்க எண்ணும் கல்லூரிகளின் சேர்க்கைப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் அந்த அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அவர்கள் பதில் தருகிறார்கள்.

எந்த மொழி என்ற கேள்விக்கு நான் திருப்பிக் கேட்பது, உங்கள் பள்ளியில் அந்த மொழி எந்த நிலை வரை கற்பிக்கப்படுகிறது என்பதுதான். முதலிரண்டு நிலைகள் மட்டுமே உள்ள ஒரு மொழியை, அது அரியது என்பதற்காகத் தேர்ந்தெடுத்தால், பதினொன்றாம் வகுப்பில் தொடர வழியில்லாமல் போகும். சேருவோர் குறைந்தால் மேல்நிலை வகுப்பையே பள்ளி நிறுத்திவிடுவதும் உண்டு. கல்லூரி நிலைப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து எழுதும் ஏபி (AP) தேர்வு ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பானியம், லத்தீன் ஆகிய மொழிகளில் மட்டுமே இருக்கிறது. கடினத்தையும் எடைபோட வேண்டும். ஆங்கிலம் பேசும் அரசுத் தூதரக அலுவலர்கள் பணிக்குத் தேவையான தேர்ச்சி பெற, ஜப்பானியத்துக்கும் சீனத்துக்கும் சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க அயலுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. ஸ்பானிஷ் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் கைவந்துவிடுகிறது. ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஜப்பானியம் அருமையான தேர்வு. ஆர்வமின்றி, "வித்தியாசமாகத் தெரியும்" என்பதற்காக மட்டும் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் மூன்றாம் நிலையில் திணறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவம் படிக்க விரும்புவோர் லத்தீன்தான் எடுக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கும் அடிப்படையில்லை. லத்தீன் நல்ல பாடமே. ஆனால் நோயாளியோடு பேசப் பயன்படப்போவது ஸ்பானிஷ்.

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் இன்னொரு கேள்வி, தமிழ் கணக்கில் வருமா என்பது. வரும்; ஆனால் தானாக வராது. தமிழுக்கு ஏபி தேர்வு இல்லை. 1998-இல் தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகம் போன்ற அமைப்புகளின் வார இறுதி வகுப்புகளைச் சில பள்ளி மாவட்டங்கள் அயல்மொழிப் பாடத்துக்கான மதிப்பலகாக (கிரெடிட்) ஏற்று மதிப்பெண் பட்டியலில் சேர்க்கின்றன. சில மாவட்டங்கள் தேர்ச்சித் தேர்வு ஒன்றை எழுதச் சொல்கின்றன. சில ஏற்பதே இல்லை. பக்கத்து ஊரில் ஏற்றார்கள் என்பது உங்கள் பள்ளிக்குச் சான்றாகாது. ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன்பே, பள்ளி ஆலோசகரிடம் எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பில் சான்றிதழ்க் கட்டோடு வந்த ஒரு தந்தையாரிடம், வகுப்பில் சேரும்முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்று அவருடைய மாவட்டம் சொல்லிவிட்டது. எட்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் அவர்.

2011-இல் கலிபோர்னியா சட்டமாக்கி, பின்னர் நாடெங்கும் பரவிய இருமொழித் தேர்ச்சி முத்திரையை (Seal of Biliteracy) பற்றியும் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சியை நிறுவுவோருக்கு, உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடியும்போது அது வழங்கப்படுகிறது. எந்தத் தேர்வு ஏற்கப்படும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இந்தியாவிலிருந்து அண்மையில் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு செய்தி. ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ, தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளியில் இரண்டு ஆண்டுகள் தேவையான தரத்தோடு படித்த மாணவருக்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மொழித் தேவை அதனாலேயே நிறைவடையும். ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்தவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. பழைய மதிப்பெண் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மதிப்பலகு எதுவும் கிடைக்காத நிலையிலும் தமிழுக்கு விண்ணப்பத்தில் இடமுண்டு. பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' இணைய விண்ணப்பம், மாணவருக்குத் தெரிந்த மொழிகளைக் கேட்டு, பேசுவாரா, படிப்பாரா, எழுதுவாரா, வீட்டில் பேசப்படுகிறதா என்று தனித்தனியே குறிக்கச் சொல்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவன் அங்கே ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் மட்டும் நிரப்பியிருந்தான். தமிழ் எங்கே என்று கேட்டேன். "அது பாட்டியோடு பேசுவதற்கு மட்டும்தானே" என்றான். சேர்த்தோம். பேசுவேன், வீட்டில் பேசப்படுகிறது என்ற இரண்டையும் குறித்தான். படிப்பதையும் எழுதுவதையும் வெறுமையாக விட்டான். தெரியாததைத் தெரியும் என்று குறிக்கக் கூடாது என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவன் சொன்னான்.