பதவி போகாத பதவி நீக்கம்

“பதவி நீக்கம் செய்யப்பட்ட முதல் அமெரிக்க அதிபர் யார்? விடை: ஆண்ட்ரூ ஜான்சன்.” போட்டித் தேர்வு வழிகாட்டி ஒன்றில் மறுபடியும் இதே கேள்வி, இதே விடை. அமெரிக்காவில் எந்த அதிபரும் இதுவரை அப்படி நீக்கப்பட்டதில்லை. ஜான்சன் 1869 மார்ச் 4 அன்று, தன் காலம் முடிந்தே வெளியேறினார்.

சிக்கல், ‘பதவி நீக்கம்’ என்று மொழிபெயர்க்கப்படும் இம்பீச்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது. இலத்தீன் பெடிகா என்றால் காலில் பூட்டும் தளை. பழைய பிரெஞ்சில் அது தடுத்தல் ஆகி, ஆங்கிலத்தில் குற்றஞ்சாட்டுதல் ஆனது. நாடாளுமன்றத்தின் கீழவை குற்றம் சாட்டும், மேலவை விசாரிக்கும். முதல் பாதிக்குத்தான் இந்தப் பெயர்.

ஜான்சன் கதையையே பாருங்கள். பள்ளிக்கூடம் போகாத தையற்காரர். லிங்கன் 1865இல் கொல்லப்பட்டதும் துணை அதிபராக இருந்த அவர் அதிபரானார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைச் சட்டங்களை மறுத்து நாடாளுமன்றத்தோடு மல்லுக்கு நின்றார். (அவர்மேல் எனக்குப் பரிவு ஒன்றும் கிடையாது.) போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கியது சட்டமீறல் என்று 1868 பிப்ரவரி 24 அன்று கீழவை 126–47 என வாக்களித்தது. இம்பீச்மென்ட் அங்கேயே முடிந்தது. அவரை நீக்க மேலவையான செனட்டில் 36 பேர் வேண்டும், கிடைத்தது 35. ஒரே ஒரு வாக்கில் தப்பினார். அதே செனட்டுக்கு 1875இல் உறுப்பினராகத் திரும்பியும் வந்தார். கிளின்டனும் டிரம்பும் இப்படித்தான்: கீழவையில் மாட்டி, மேலவையில் தப்பியவர்கள். நிக்சனோ கீழவை வாக்களிக்கும் முன்பே விலகிக்கொண்டார்.

பிறகு ‘பதவி நீக்கம்’ எங்கிருந்து வந்தது? நம் ஊரிலிருந்து. குடியரசுத் தலைவர்மேல் ஓர் அவை குற்றம் சாட்டி, மற்றோர் அவை மூன்றில் இரண்டு பங்கு வலுவோடு அதை ஏற்றால் பதவி போய்விடும். நம் அரசியலமைப்பின் 61ஆம் பிரிவு அப்படி. ஆகவே ‘பதவி நீக்கத் தீர்மானம்’ என்று இங்கே சொன்னால் குடிமுழுகிவிடாது. அதிலிருந்து ‘தீர்மானம்’ என்பதை நறுக்கிவிட்டு, மிச்சத்தை வாஷிங்டனுக்கு ஏற்றுமதி செய்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ்மேல் பிரிட்டிஷ் கீழவை குற்றம் சாட்டியது 1787இல். அவர் தலைமை ஆளுநர் பதவியை விட்டு இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. எந்தப் பதவியிலிருந்து நீக்குவதாம்?

‘கண்டனத் தீர்மானம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். கண்டனம் வேறு சங்கதி: 1834இல் செனட் அன்றைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்தது. விசாரணை இல்லை, தண்டனை இல்லை. 1837இல் அந்தக் கண்டனத்தைக் குறிப்பேட்டிலிருந்து அடித்தும்விட்டார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஜாக்சனும் ஜான்சனும் ஒன்றாகிவிடுவார்கள். பெயரில் ஏற்கெனவே இருக்கிற குழப்பம் போதாதா?

இலங்கைத் தமிழர் இதில் நம்மைவிடத் தெளிவு. 1991இல் தங்கள் அதிபர் பிரேமதாசாவுக்கு எதிராகக் கொண்டுவந்ததை அவர்கள் ‘குற்றப் பிரேரணை’ என்கிறார்கள். பிரேரணை வடசொல் என்று இங்கே முகம் சுளிப்பவர்களுக்கு: தீர்மானம் மட்டும் கீழடியில் கிடைத்ததா? தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் ‘அவைக் குற்றச்சாட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். என் கட்சி அதுதான். ‘கீழவை ஜான்சன்மேல் குற்றஞ்சாட்டியது, மேலவை விடுவித்தது’ என்று எழுதிப் பாருங்கள், அடிக்குறிப்பே தேவைப்படாது. ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நேற்றைய செய்தித்தாள்தான் அகராதி.

வழிகாட்டிக் கேள்விக்கு நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். வரலாறு தெரிந்த பிள்ளை ‘எவருமில்லை’யைத் தேடும். அது அங்கே இல்லை.