பித்தப்பை போன பிறகும் அதே வலி ஏன்?

பித்தப்பையை எடுத்தாயிற்று, கல்லும் அதோடு போயிற்று. ஆனாலும் சில மாதங்களில், சிலருக்குச் சில வருடங்கள் கழித்து, வலது விலாவுக்குக் கீழே அதே வலி எட்டிப் பார்க்கிறது. இல்லாத உறுப்பு எப்படி வலிக்கும்?

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்; தினமும் அரை லிட்டருக்கு மேல். பித்தப்பை 30 முதல் 50 மில்லி பிடிக்கும் சேமிப்புப் பை, அவ்வளவுதான். வரும் பித்தநீரைக் கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்பு குடலுக்குள் இறங்கியதும் பிழிந்துவிடும். பை போனாலும் சுரப்பு நிற்பதில்லை, குடலுக்குப் போகும் பித்தக்குழாயும் அங்கேயே இருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் குழாயைத்தான்.

அறுவைக்கு முன்பே ஒரு கல் பையிலிருந்து நழுவிக் குழாயில் ஒளிந்திருக்கலாம். குழாயிலேயே புதிதாகவும் கல் உருவாகலாம். சாதாரண வயிற்று ஸ்கேனில் இது தப்பிவிடுவதுண்டு, எம்.ஆர்.ஐ. முறையில் குழாயைப் படமெடுத்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். வலியோடு குளிர்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்தால் குழாயில் கிருமித்தொற்று என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

கல்லே இல்லை என்றால்? குழாய் குடலில் திறக்கும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. 1887-இல் ருஜேரோ ஒடி என்ற இத்தாலிய மருத்துவ மாணவர் அதை விவரித்தார். இன்றும் அது ஒடி தசைதான். அது இறுகிக்கொண்டால் பித்தநீர் தேங்கி, அழுத்தம் ஏறி, வலிக்கும். அப்படியானால் தசையை வெட்டிவிட்டால் சரியாகிவிடுமே என்று பல காலம் வெட்டினார்கள். 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதைச் சோதித்தது. குழாய் வீக்கமோ ரத்தப் பரிசோதனையில் கோளாறோ இல்லாத 214 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையாக வெட்டினார்கள், மற்றவர்களுக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும். பாவனைக் குழுவைவிட வெட்டியவர்களுக்கு வலி கூடுதலாகக் குறையவில்லை! இந்தச் சிகிச்சையில் கணைய அழற்சி வரும் அபாயமும் உண்டு என்பதால், இது சின்ன விஷயமில்லை.

சிலருக்கு வலியே இருக்காது, வயிற்றுப்போக்குதான். பித்த அமிலம் பெருங்குடலுக்கு அதிகமாகப் போய்ச் சேர்வதால் வருவது அது. அதைப் பிடித்து வைக்கும் மருந்துகள் இருக்கின்றன.

அப்புறம், பலரும் யோசிக்காத ஒன்று. பித்தப்பைக் கல் பலருக்கு எந்தத் தொல்லையும் தராமல் கிடக்கும். வலி வந்தது இரைப்பைப் புண்ணாலோ எதுக்களிப்பாலோ, ஸ்கேனில் கண்ணில் பட்டது கல். பழி கல்மேல் விழுந்து பை போயிருக்கும். அதனால்தான் விவரமான மருத்துவர் முதலில் இப்படிக் கேட்பார்: “ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வலி கொஞ்ச நாளாவது விட்டிருந்ததா?”