இது எந்த ஸ்பைடர்மேன்? கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று கேட்டவை

2019 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி விடுமுறை. நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த தியேட்டரில் அன்றைக்கு ‘ஜோக்கர்’ ரிலீஸ். டிக்கெட் கிழிக்கும் இடத்தில் சத்தம் கேட்டுப் போனேன். அப்பா, அம்மா, நெஞ்சில் வௌவால் படம் போட்ட கறுப்புச் சட்டையோடு ஏழெட்டு வயதுப் பையன். ‘ஏ’ சான்றிதழ் படம், பிள்ளையை உள்ளே விட முடியாது என்று கேட் பையன் சொல்லிவிட்டான்.

“பேட்மேன் படத்துக்கு என்னத்துக்கு சாரே ‘ஏ’?”

“இதுல பேட்மேன் வரமாட்டாரு சார்.”

“ஜோக்கர் வாறாம்லா? ஜோக்கர் வந்தா பேட்மேன் வராம எப்படி?”

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது சரிதான். 2008-ல் ஹீத் லெட்ஜர் நடித்த ஜோக்கரைப் பார்த்தவருக்கு, ஜோக்கர் என்றால் பேட்மேனின் எதிரி. இந்தப் படத்திலோ பேட்மேனாகப் போகிறவன் சின்னப் பையனாகத் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். மீதி முழுக்க மனம் உடைந்த ஒரு மனிதனின் கதை. போஸ்டரில் இதெல்லாம் இல்லை. கவுண்டரில் வாங்கிய டிக்கெட் என்பதால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பையன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அவன் அப்பா என்னைத் திட்டியது கொஞ்சநஞ்சமில்லை. டிக்கெட் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

இருபது வருடத்துக்கு மேல் தியேட்டர் வேலை. சூப்பர் ஹீரோ படம் வந்தால் இரண்டு விதமான கூட்டம் வரும். காமிக்ஸ், தொடர், டிரெய்லர் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டு முதல் ஷோவுக்கு வருகிற ரசிகர்கள் ஒரு பக்கம். இரண்டாவது, மூன்றாவது நாளிலிருந்து பிள்ளைகளோடும் பாட்டா பாட்டியோடும் வருகிற குடும்பங்கள் இன்னொரு பக்கம். கிறிஸ்மஸ் விடுமுறையில் இவர்கள்தான் அதிகம். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். இவர்களைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் உண்டு: ‘தெரிந்த ஹீரோவை மாற்றினால் இவர்களுக்குப் பிடிக்காது.’ நான் பார்த்தவரை அப்படி இல்லை. மாற்றியதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை. சொல்லாமல் மாற்றியதற்குத்தான் வந்திருக்கிறார்கள்.

முதலில் எதைப் பார்த்தோமோ அதுதான் நமக்கு ஒரிஜினல். 2002-ல் வந்த ஸ்பைடர்மேனுக்கு மணிக்கட்டிலிருந்தே நூல் வரும். 1962-ல் தொடங்கிய காமிக்ஸில் அப்படிக் கிடையாது. நூல் எறியும் கருவியை, ஸ்பைடர்மேனாகிற பீட்டர் பார்க்கர் தானே செய்து கையில் கட்டிக்கொள்வான். அந்தப் படம் வந்தபோது அமெரிக்க ரசிகர்கள் இதற்காகச் சண்டை போட்டார்கள். இங்கே ஒருவரும் கேட்கவில்லை, கேட்க அவர்களுக்குப் பழையது தெரியாதே! பிறகு கருவி கட்டிய ஸ்பைடர்மேனாக நடிகர் டாம் ஹாலண்ட் வந்ததும் எங்கள் கவுண்டரில் ஒருவர், “கையில மிஷின் வச்சிருக்கான், இவன் டூப்பாக்கும்” என்றார். அவர் கணக்கில் காமிக்ஸ்காரன் டூப், 2002-ன் ஆள் அசல்.

2021 டிசம்பர் 16-ல் ‘நோ வே ஹோம்’ என்ற ஸ்பைடர்மேன் படம் வந்தது. 2002-லிருந்து வெவ்வேறு படங்களில் ஸ்பைடர்மேனாக நடித்த மூன்று பேரும் ஒன்றாக வரும் கட்டத்தில், முப்பது முப்பத்தைந்து வயது அப்பாக்கள் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினார்கள். பின்வரிசையில் நின்றிருந்த எனக்கு, ஒரு சின்னப் பெண் அப்பாவின் சட்டையை இழுத்து, “அந்த அங்கிள் யாருப்பா?” என்று கேட்டது காதில் விழுந்தது. அப்பாவுக்கு உயிரான ஆள் மகளுக்கு முன்பின் தெரியாத ஆள். அறிமுகமில்லாத வடிவம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, யார் எந்த வருடம் பிறந்தார் என்பதைப் பொறுத்தது அது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போ வந்த ஸ்பைடர்மேன், மக்களே” என்றார். பாப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கும்போதே இரும்புக்கை மாயாவி வந்துவிட்டார். பிறகு ராணி காமிக்ஸில் முகமூடி போட்டுக் காட்டில் குதிரையேறித் திரிகிறவரும் மாயாவி. ஒருவர் பிரிட்டிஷ் காமிக்ஸ் ஆள், மற்றவர் அமெரிக்காவின் ஃபேண்டம். ஒருவருக்கும் மற்றவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘எந்த மாயாவி?’ என்று கேட்டு வாங்கிப் படித்த தலைமுறை நாங்கள். அந்த ஃபேண்டமும் ஒரே ஆள் கிடையாது. அப்பனுக்குப் பின் மகன் என்று முகமூடி கைமாறி, கதையில் வருகிறவர் 21-வது ஆள். யாரும் கோபப்படவில்லை, ஏனென்றால் கதையே அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கும்.

2018 டிசம்பரில் வந்த அனிமேஷன் ஸ்பைடர்மேன் படத்தை என்னால் மறக்க முடியாது. அதில் நாயகன் மைல்ஸ் மொராலஸ், புரூக்ளின் பையன். காமிக்ஸில் 2011-லேயே வந்துவிட்டான். நம் ஊரில் அவனை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், நாம் அறிந்த பீட்டர் பார்க்கரை வில்லன் அடித்துக் கொன்றுவிடுவான். அரங்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார், தோளில் ஐந்து வயதுப் பிள்ளை. “ஸ்பைடர்மேன் செத்துட்டாரு, ஸ்பைடர்மேன் செத்துட்டாரு” என்று ஒரே அழுகை. மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த குடும்பம். அந்தத் தகப்பன் முகத்தில் கோபத்தைவிட அசட்டுத்தனம்தான் இருந்தது, ஏதோ தப்பான இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்துவிட்ட மாதிரி.

நான் சொன்னேன்: “அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய நில்லுங்க. இதுல ஒரு ஸ்பைடர்மேன் மட்டும் இல்ல, நெறைய பேரு வருவாங்க. இன்னொரு பீட்டரும் உண்டு, கொஞ்சம் தொப்பை போட்ட ஆளு. பொண்ணு ஸ்பைடர் உண்டு. பன்னிக்குட்டி ஸ்பைடர்கூட உண்டு.”

பன்னிக்குட்டி என்றதும் அழுகை நின்றது. “நெசமாவா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான் அந்தப் பயல். உள்ளே போனார்கள். இடைவேளையில் பாப்கார்ன் கவுண்டர் முன்னால் அவன் கையை நீட்டி நூல் எறிந்துகொண்டிருந்தான்.

அந்தப் படத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு ஸ்பைடரும் வந்தவுடன் தன் கதையைத் தானே சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: நான் இன்னார், என்னைச் சிலந்தி கடித்தது, இத்தனை வருடமாக ஊரைக் காக்கிறேன். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இது புரியும். எங்கள் ஊர்க் கொடையில் பாட வரும் அண்ணாவி ஒருவர், இசக்கி கதையை எடுக்கும்போது எந்த ஊர் வழக்கப்படி பாடப்போகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார், பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். வடக்கே பழையனூரில் பழிவாங்கும் பேயாகச் சொல்லப்படுகிற நீலியின் கதைதான், தெற்கே வரும்போது பிள்ளையைக் கையில் ஏந்திய இசக்கியம்மனாகி, முப்பந்தலில் பொங்கல் வாங்குகிறது. பேய் எப்படிச் சாமியாச்சு என்று யாரும் எழுந்து போவதில்லை. ஒரே ஆளின் பல வடிவங்களோடு குடித்தனம் நடத்துகிற சனம் நாம். ஒரே ஆள் பல உலகங்களில் பல வடிவில் இருப்பான் என்கிற பன்முக அண்டத்தை நமக்குப் பாடம் எடுக்க வேண்டிய அவசியம் ஹாலிவுட்டுக்கு இல்லை, யார் கதை என்று முன்கூட்டிச் சொன்னால் போதும்.

2025-ல் வந்த சூப்பர்மேன் இதைச் செய்தது. நடிகர் புதியவர், முந்தைய படங்களோடு தொடர்பும் கிடையாது. ஆனால் தொடக்கத்திலேயே மூன்று நூற்றாண்டுக்கு முன், மூன்று பத்தாண்டுக்கு முன், மூன்று வருடத்துக்கு முன் என்று எழுத்தில் போட்டுக் கதை எங்கே நிற்கிறது என்று காட்டிவிடுகிறார்கள். “பழைய ஆளு எங்க?” என்று டிக்கெட் வாங்கும்போது கேட்டவர்கள் வெளியே வரும்போது கேட்கவில்லை, படத்தில் வரும் நாயைப் பற்றித்தான் பேசினார்கள்.

அதே வருடம் பிப்ரவரியில் கேப்டன் அமெரிக்கா படம். பழைய கேப்டனின் கேடயம் இப்போது சாம் வில்சன் என்ற வேறொருவர் கையில். நடுவில் 2021-ல் ஓடிடியில் வந்த தொடரைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி வந்தது என்று தெரியும். பார்க்காத குடும்பங்கள்? “கேப்டன் லீவா?” என்றார் ஒரு பெரியவர். நக்கலில்லை, உண்மையாகவே கேட்டார். பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அப்படிச் சிரிக்காதீர்கள். பதில் உங்களுக்குத் தெரியும், ஒரு வரியில் சொல்லிவிடலாம். சிரிப்புக்குப் பயந்தே கேட்காமல் உள்ளே போய் மூன்று மணி நேரம் முழிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இடம் சான்றிதழ். ஹீரோ பெயர் ஒன்றாக இருப்பதால் படமும் ஒரே வயதுக்கானது என்று நினைத்துவிடுகிறோம். வுல்வரின் பழைய எக்ஸ்-மென் படங்களில் வந்தபோது பிள்ளைகள் பார்த்தார்கள். அவனே நாயகனாக வந்த 2017-ன் ‘லோகன்’ ‘ஏ’. அதில் அவன் இறந்தும் போகிறான். 2024 ஜூலையில் டெட்பூல் என்ற இன்னொரு ஹீரோவோடு திரும்பி வந்தபோது, “செத்தவன் எப்படிண்ணே வாறான்?” என்ற கேள்வி கவுண்டரில் நாள் முழுக்க. இவன் வேறு உலகத்து வுல்வரின். படமே தொடக்கத்தில் பழையவனின் கல்லறையைத் தோண்டித்தான் அதற்குப் பதில் சொல்கிறது, அந்த எலும்புகளை வைத்தே வெட்டும் குத்தும் நடக்கிறது. அதுவும் ‘ஏ’தான். வுல்வரினின் மஞ்சள் உடுப்பு பொம்மைபோல இருந்ததால் பிள்ளைகளைக் கூட்டிவந்து திரும்பிப் போனவர்கள் பலர். ‘ஏ’ படத்துக்குப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை, அப்பா அம்மா கூட இருந்தாலும், நாங்கள் விட முடியாது. விட்டால் வழக்கு எங்கள்மேல் வரும்.

2024 நவம்பரிலிருந்து ‘யுஏ’ சான்றிதழ் வயதுவாரியாக மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. இதில் வாசலில் யாரையும் தடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அந்த எண் பெற்றோருக்கான குறிப்பு. ஆகவே 16+ படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையோடு வந்தால் நாங்கள் டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டுவிடுவோம். முடிவு உங்கள் கையில்தான்.

‘ஜோக்கர்’ இரண்டாம் பாகமும் 2024 அக்டோபர் 2-ல்தான் வந்தது. முதல் படத்தை ஏற்றுக்கொண்டவர்களே பாதியில் எழுந்து போனார்கள். படம் நெடுகப் பாட்டு. டிரெய்லரில் அதை அடக்கி வாசித்துவிட்டார்கள். பாட்டு வந்தால் வெளியே போய் டீ குடிப்பது நம் ஊர் வழக்கம், அன்றைக்கு எங்கள் டீக்கடைக்கு நல்ல வியாபாரம்.

முதல் ‘ஜோக்கர்’, அனிமேஷன் ஸ்பைடர்மேன் அனுபவங்களுக்குப் பிறகே நான் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருந்தேன். கவுண்டர் பக்கத்தில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரி: இதில் வருவது யார், எதன் தொடர்ச்சி அல்லது எதன் தொடர்ச்சி இல்லை, எத்தனை வயதுப் பிள்ளைக்கு. முதலில் எழுதியது 2022-ல் வந்த பேட்மேனுக்கு: ‘புது பேட்மேன். பழைய படங்களோடு தொடர்பில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம், மெதுவாகப் போகும்.’ ‘மெதுவாகப் போகும்’ என்பதைப் பார்த்து முதலாளிக்குக் கோபம். வசூல் குறையும் என்று பயந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டு வருகிறவர்கள் குறைந்ததும் பலகையை விட்டுவிட்டார். இன்றும் இருக்கிறது, சாக்பீஸ்தான் அடிக்கடி காணாமல் போகும்.

போன விடுமுறையில் தக்கலையிலிருந்து ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பலகையை வாசிக்கவில்லை, கண்ணாடி கொண்டுவரவில்லையாம். நேராக என்னிடம் கேட்டார்.

“மக்கா, இதுல அந்தச் செவப்புச் சட்டைக்காரன் சாவானா? செத்தா இவன் ராத்திரி முழுக்க ஒறங்கமாட்டான், அதுக்காக்கும் கேக்கேன்.”

“இதுல சாக மாட்டான் பாட்டி.”

“அப்போ ரெண்டு டிக்கெட் தா. எனக்கு ஃபேனுக்குக் கீழ வேண்டாம், காத்து ஒத்துக்காது.”