குழாயை உடைப்பது பனிக்கட்டி அல்ல

டெக்சாஸில், டல்லஸ் பக்கம் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2021 பிப்ரவரிப் பனிப்புயலில் எங்கள் வீட்டுக் குழாய் உறைந்து தண்ணீரே வரவில்லை. அப்போது ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வெயில் அடித்து எல்லாம் இளகிய பிறகுதான் சீலிங்கிலிருந்து கொட்டியது. அதைவிட ஆச்சரியம், உறைந்தது அட்டிக்கில், அதாவது கூரைக்கடியில் இருக்கும் பரணில். பிளம்பர் காட்டிய வெடிப்போ கொஞ்சம் தள்ளி, அவ்வளவாகக் குளிராத உட்சுவருக்குள் இருந்தது. இது எப்படி?"

அருமையான கேள்வி. பாடப்புத்தகம் தரும் விடை இதற்குப் போதாது. நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிகிறது, அதனால் குழாய் வெடிக்கிறது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அது மட்டும்தான் காரணம் என்றால் கட்டி பிடித்த இடத்தில்தானே வெடித்திருக்க வேண்டும்?

முதலில் சூழ்நிலை. அந்தப் பிப்ரவரி 16 அன்று டல்லஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. கடுங்குளிருக்குப் பழகிய வடக்கு மாநிலமான மின்னசோட்டாக்காரர்கள் இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் டெக்சாஸ் வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டப்பட்டவை. அடித்தளம் தரையோடு தரையாக ஒரே கான்கிரீட் பலகை, நிலவறை கிடையாது. பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் கூரைக்கடியில் அட்டிக் வழியாகவோ வெளிச்சுவருக்குள்ளோ ஓடுகிறது. அதற்கு மேல் 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போய், ஹீட்டரும் நின்றது.

இனி குழாய்க்குள் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குழாயில் அசையாமல் நிற்கும் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியைத் தொட்டதும் உறைந்துவிடுவதில்லை. படிகம் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். அது கிடைக்கும்வரை பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரிகூட நீராகவே இறங்கும். ஏதோ ஒரு கணத்தில் படிகம் பற்றிக்கொண்டதும், மெல்லிய இலைகளும் கிளைகளுமாகக் குழாய் முழுக்கப் படர்ந்துவிடும். உறையும்போது வெளியாகும் வெப்பத்தில் தண்ணீர் மறுபடி பூஜ்ஜியத்துக்கே ஏறிவிடும். அப்படி உறைந்தது மொத்த நீரில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அந்தக் கிளை வலையே ஓட்டத்தை அடைக்கப் போதும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கில்பின் என்பவர் 1970களில் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்.

அதற்கப்புறம்தான் வழக்கமான உறைதல்: குழாய்ச் சுவரில் வளையமாகப் பிடித்து, உள்நோக்கித் தடித்து, நடுத்துளையை மூடிவிடும். இதுவரை குழாய்க்கு ஆபத்தில்லை. விரிவடையும் பனிக்கட்டி தள்ளும் தண்ணீர், வந்த வழியே தெருக் குழாய்க்குத் திரும்பிப் போய்விடும். துளை முழுசாக அடைபட்ட பிறகுதான் வினை. ஒரு பக்கம் பனிக்கட்டி, மறுபக்கம் மூடிய பைப் (பைப் என்று நான் சொல்வது தண்ணீர் பிடிக்கத் திறக்கும் வாயை). நடுவில் கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. பனிக்கட்டி குழாயின் நீளவாக்கில் வளர வளர, வாயை விரலால் அடைத்த ஊசி சிரிஞ்சில் தண்டை அழுத்துவது போல அந்தத் தண்ணீரை அழுத்துகிறது.

தண்ணீர் லேசில் சுருங்காது. அதை 1 விழுக்காடு சுருக்கவே காற்றழுத்தத்தைப்போல் 220 மடங்கு அழுத்தம் வேண்டும். அடைபட்ட தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு உறைந்தாலே, ஏறத்தாழ அந்த 1 விழுக்காடு இடம் பறிபோய்விடும். சாதாரணமாக வீட்டுக் குழாயில் இருப்பது மூன்று முதல் ஐந்து மடங்கு அழுத்தம். செம்புக் குழாய் தாங்குவது சில நூறு மடங்கு. கணக்கு எங்கே போகிறது என்று தெரிகிறதா?

"அழுத்தம் கூடினால் உறைநிலை இறங்குமே, உறைவது தானாக நின்றுவிடாதா?" என்று ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்கலாம். நிற்கும்தான். ஆனால் உறைநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க சுமார் 130 மடங்கு காற்றழுத்தம் தேவை. குழாய் மைனஸ் நான்குக்குப் போனால் பனிக்கட்டி ஐந்நூறு மடங்கு வரை அழுத்திக்கொண்டே வளரலாம். அதற்கு முன்பே செம்பு எங்கோ விட்டுக்கொடுத்துவிடும்.

எங்கே? மூடிய நீரில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான், பாஸ்கல் சொன்னது. ஆகவே எங்கே பலவீனமோ அங்கே. பற்றவைத்த மூட்டு, தேய்ந்த வளைவு, பைப்பின் வால்வு என எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் பனிக்கட்டியே இருக்கத் தேவையில்லை. நேர்க்குழாயில் என்றால் முதலில் புடைத்து, பிறகு நீளவாக்கில் மீன் வாய் போலப் பிளக்கும். உருளையின் சுவரில் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை நீளவாக்கில் இழுப்பதைப்போல் இரு மடங்கு என்பதால்.

வாசகருக்கு விடை கிடைத்துவிட்டது. வெடித்த நொடியில் வெளியே வந்தது ஒரு கை அளவு தண்ணீர்தான். மேற்கொண்டு வரவிடாமல் பனிக்கட்டியே தக்கையாக நின்றது. வெயிலில் தக்கை கரைந்ததும் தெருக் குழாயின் தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கியது.

இதைப் பரணில் குழாய்களை வைத்துச் சோதித்து, 1996இல் அறிக்கையாகத் தந்தது இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வுக் குழு. காப்பில்லாத குழாய்க்கு வெளிவெப்பம் மைனஸ் 7க்கு இறங்கினால் ஆபத்து என்ற எச்சரிக்கை அளவும் அங்கிருந்து வந்ததே. அந்த ஆய்வு காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்புக்காக நடந்தது. இழப்பீடு கொடுத்துக் கொடுத்துக் கை சுட்டவர்களுக்குத்தான் அக்கறை வந்தது. இத்தனை சாதாரணக் கேள்விக்கு அரசுப் பணம் முன்பே போயிருக்க வேண்டாமா என்பது என் ஆதங்கம். அதே பிப்ரவரியில், லைட்டரைக் காட்டினால் பனி உருகாமல் கருகுகிறது, இது அரசாங்கம் செய்த போலிப் பனி என்று வீடியோக்கள் பறந்தன. கருமை லைட்டரின் புகைக்கரி. உருகிய நீரை மிச்சப் பனி உறிஞ்சிக்கொள்கிறது. இதற்குக் கிடைத்த பார்வையில் நூறில் ஒரு பங்கு அந்த அறிக்கைக்குக் கிடைத்திருக்குமா!

பைப்பைச் சொட்டவிடச் சொல்வதன் பொருளும் இப்போது விளங்கும். ஓடும் நீர் எளிதில் உறையாது என்பது பாதிக் காரணம்தான். உறைந்தே போனாலும், திறந்த வாய் வழியாக அழுத்தம் வடிந்துவிடும். வெளிச்சுவரை ஒட்டிய பைப்பில் வெந்நீர், குளிர்நீர் இரண்டையும் சொட்டவிட வேண்டும்.

ஏற்கெனவே உறைந்திருந்தால் பைப்பைத் திறந்துவைத்து, பைப் பக்கத்திலிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். தீயைக் காட்டவே கூடாது. இளகும்போது வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் மெயின் வால்வு பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கொட்டிவிட்டதா? வால்வை மூடி, நனைந்த இடத்தின் மின்சாரத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டு, ஊறிய ஷீட்ராக்கையும் (சுவரிலும் சீலிங்கிலும் அடித்திருக்கும் ஜிப்சம் பலகை) அதன் பின்னாலிருக்கும் வெப்பக்காப்புப் பஞ்சையும் அகற்றுங்கள். ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். உடைந்த குழாயின் துண்டை எறியாதீர்கள், காப்பீட்டுக்காரர் கேட்பார்.

2021இல் ஹூஸ்டனில் இன்னொரு சிக்கல் வந்தது. எல்லோரும் சொட்டவிட, ஊர்க் குழாயிலேயே அழுத்தம் விழுந்து, "சொட்டவிடாதீர்கள்" என்று நகராட்சியே கேட்டுக்கொண்டது. அப்போது என்ன செய்வது? மெயின் வால்வை மூடிவிட்டு வீட்டிலுள்ள பைப்புகளையெல்லாம் திறந்து குழாயைக் காலி செய்துவிடலாம். வெந்நீர் ஹீட்டர் தொட்டி இருந்தால் அதை முதலில் அணைத்துவிட வேண்டும். உள்ளே கொஞ்சம் நீர் தங்கி உறைந்தாலும், விரிய இடம் இருக்கிறது.