கணைக்கால் வேறு, கணுக்கால் வேறு

"கணுக்கால் வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பைத் தடவிக் காட்டுகிறவர்கள் உண்டு. எழுத்திலும் இந்தக் குழப்பம் அடிக்கடி கண்ணில் படுகிறது. கணு என்றால் மூட்டு. கரும்பின் கணுவை நினைத்துக்கொண்டால் போதும். காலும் பாதமும் சேரும் இடம் கணுக்கால். அங்கிருந்து மேலே முழங்கால் வரை உள்ள பகுதி கணைக்கால்.

கணை என்றால் அம்பு, அது தெரிந்ததுதான். திரட்சி என்ற பொருளும் அதற்கு உண்டு. குறுந்தொகை 9ஆம் பாட்டில் கயமனார் 'பாசடை நிவந்த கணைக்கால் நெய்தல்' என்கிறார். பச்சை இலைகளுக்கு மேலே எழுந்து நிற்கும், திரண்ட தண்டையுடைய நெய்தல். பூவைத் தாங்கும் தண்டுக்கும் உடம்பைத் தாங்கும் காலுக்கும் ஒரே சொல்! இந்த ஒரு வரிக்காகவே கணைக்காலைக் கைவிடக் கூடாது என்று நினைக்கிறேன். சேர அரசன் கணைக்கால் இரும்பொறையின் பெயரிலும் இருப்பது இதுதான்.

உள்ளே இருப்பவை இரண்டு எலும்புகள். டிபியா, பிபுலா என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். லத்தீனில் முன்னது ஊதுகுழல், பின்னது துணியைச் சேர்த்துக் குத்தும் ஊசி. தமிழில் கணைக்கால் உள்ளெலும்பு, கணைக்கால் வெளியெலும்பு. எந்தப் பக்கம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. எடையில் பெரும்பங்கைச் சுமப்பது உள்ளெலும்பு. வெளியெலும்பு மெலிந்தது, தசைகளுக்குப் பிடிமானம். கணுக்காலின் வெளிப்பக்கம் முண்டாகத் தெரிவது அதன் கீழ்நுனிதான்.

சரி, பின்பக்கச் சதை? கெண்டைக்கால், ஆடுசதை என்று இன்றும் வீட்டில் சொல்கிறோம். கெண்டை மீன் போலப் புடைத்திருப்பதால் வந்த பெயர். குதிகாலைத் தூக்கி, விரல்களை ஊன்றி நின்றுகொண்டு அங்கே கை வைத்துப் பாருங்கள், மீன் துள்ளி இறுகுவது தெரியும். ஆச்சரியம் என்னவென்றால், அந்தச் சதையின் உள்ளடுக்குக்கு மருத்துவத்தில் வழங்கும் 'சோலியஸ்' என்ற பெயர் லத்தீன் 'சோலியா'விலிருந்து வந்தது. அதற்குச் செருப்பு என்று பொருள். தட்டையான ஒரு மீனுக்கும் அதே பெயர்.

நடக்கும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்க, கணைக்கால் அதன்மேல் முன்னோக்கிச் சாய்கிறது. சட்டென்று சரிந்துவிடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது கெண்டைச்சதை. அப்புறம் அதுவே குதிகாலைக் கிளப்பி நம்மை முன்னே தள்ளுகிறது. சதையைக் குதிகால் எலும்போடு கட்டும் தடித்த பட்டையை 'அகிலிஸ் டெண்டன்' என்கிறார்கள். டெண்டனுக்குத் தமிழில் தசைநாண். ஆகவே இதைக் குதிகால் நாண் என்றே சொல்லலாம். வில்லின் நாண் போலவே அது இழுபட்டு விசையைத் தேக்கி வைத்து, குதிகால் எழும்போது விடுவிக்கிறது.