கம்பைலரே கையில் வைத்துக்கொள்ளாத முகவரி

அந்தச் சர்வர் வாரத்துக்கு ஒருமுறைதான் விழும். ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் எழுதிவைத்துவிட்டுப் போகும் பிழைக் கோப்பைத் திறந்தால், விழுந்த இடம் ஜிசி (பயன்படாத நினைவகத்தை மீட்கும் பகுதி) த்ரெட் என்றே ஒவ்வொரு தடவையும் இருக்கும். ஜிசியை மாற்றிப் பார்த்தோம், ஜாவா பொருள்கள் (ஆப்ஜெக்ட்கள்) இருக்கும் நினைவகமான ஹீப்பைக் கூட்டினோம், ஜாவா பதிப்பை ஏற்றினோம். நிரல் ஓடும்போதே அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஜிட் கம்பைலர்மேல் ஒருவர் பழி போட்டார். பிணம் எந்த வீட்டு வாசலில் கிடந்ததோ அந்த வீட்டுக்காரரையே பிடித்துக்கொண்டு போன கதை. குற்றவாளி நான் எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரலில் ஒரே ஒரு வரி. ஜாவாவையும் சி பிளஸ் பிளஸ்ஸையும் இணைக்கும் ஜேஎன்ஐ வழியாக வந்த ஒரு ஜாவா பொருளை, அடுத்த அழைப்புக்கும் உதவுமே என்று ஸ்டாட்டிக் மாறியில் போட்டு வைத்திருந்தேன்.

அது தவறு என்று ஜேஎன்ஐ கையேடு சொல்கிறது. நானும் படித்துத்தான் இருந்தேன். ஆனால் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மின் மூல நிரலைப் புரட்டியபோதுதான் உறைத்தது. ஜேவிஎம்முக்குள்ளேயே குடியிருக்கிற கம்பைலர்கூட ஜாவா பொருளின் நேரடி முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதில்லை.

காரணம் எளிது. ஜிசி குப்பையை மட்டும் அள்ளுவதில்லை. உயிரோடு இருக்கும் பொருள்களையும் இடம் மாற்றி அடுக்கும். ஹாட்ஸ்பாட்டின் ஜிட் கம்பைலர்களான சி1, சி2 தனி த்ரெட்களில், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வேலை செய்கின்றன. பெரிய மெத்தட் ஒன்றைச் சி2 மென்று முடிக்க நேரமாகும். அதுவரை ஜிசியைக் காக்க வைத்தால் சர்வரே நின்றுவிடும். அதனால் கம்பைலர் த்ரெட் தன் நேரத்தில் பெரும்பகுதியை ‘நேட்டிவ்’ என்ற நிலையில் கழிக்கிறது. ஜிசி போன்ற வேலைகளுக்காக மற்ற த்ரெட்களை நிறுத்திவைக்கும் ‘சேஃப்பாயிண்ட்’, அந்த நிலையில் உள்ள த்ரெட்டுக்காகக் காத்திருக்காது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: ஹீப்பைத் தொடக் கூடாது.

ஒரு பொருளின் வகையையோ ஃபீல்டையோ பார்க்க வேண்டியிருந்தால், கம்பைலர் த்ரெட் ‘விஎம்’ நிலைக்கு மாற வேண்டும். அங்கே வாசலில் ஒரு சோதனை உண்டு. சேஃப்பாயிண்ட் நடந்துகொண்டிருந்தால் முடியும்வரை நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால், அது வெளியே வரும்வரையோ, உள்ளேயே காத்திருக்கத் தொடங்கும்வரையோ சேஃப்பாயிண்ட் தொடங்காது. உள்ளே பார்த்ததை வெளியே கொண்டுவரும்போது முகவரி வராது, ஹேண்டில்தான் வரும்.

ஹேண்டில் என்பது கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கன் மாதிரி. கடைக்காரர் செருப்பை எந்த அடுக்குக்கு மாற்றினாலும் நமக்குக் கவலையில்லை. டோக்கனைக் காட்டினால் நம் செருப்பு வரும். டோக்கன் நம்மிடம் இருக்கும்வரை அதைத் தூக்கி எறியவும் மாட்டார். ஜிசி ஒரு பொருளை நகர்த்தும்போது ஹேண்டிலுக்குள் இருக்கும் முகவரியையும் திருத்திவிடுகிறது. ஜாவா பொருளைக் குறிக்கக் கம்பைலர் வைத்திருக்கும் ‘சிஐஆப்ஜெக்ட்’ இப்படியொரு ஹேண்டிலைச் சுற்றிய உறைதான். ஜாவா 8 (2014) வருவதற்கு முன் கிளாஸ் விவரங்களும் பெர்ம்ஜென் என்ற நினைவகப் பகுதியில் ஜிசி நகர்த்தக்கூடிய பொருள்களாகவே கிடந்தன. இப்போது மெட்டாஸ்பேஸ் என்ற தனி இடத்தில் இருப்பதால் நகர்வதில்லை. ஆனால் கிளாஸ் அன்லோட் ஆகி, நினைவகத்திலிருந்தே போய்விடலாம். அதற்கும் பிடிமானம் வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கம்பைல் முடிந்த பிறகு வருவது. ஒருமுறை வைத்தபின் மாறாத ஸ்டாட்டிக் ஃபைனல் ஃபீல்டில் உள்ள பொருளைக் கம்பைலர் மாறிலியாக எடுத்துக்கொண்டு, இயந்திரக் கட்டளைக்குள்ளேயே அதன் முகவரியைப் பதித்துவிடலாம். அப்படியானால் பொருள் நகர்ந்தால்? எந்தெந்தப் பைட்டில் முகவரி இருக்கிறது என்ற குறிப்பு அந்தக் கோடோடு சேர்த்தே சேமிக்கப்படுகிறது. ஜிசி அதைப் பார்த்துத் திருத்துகிறது. நிரல் நிற்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் எந்த ரெஜிஸ்டரில், எந்த ஸ்டாக் இடத்தில் பொருளின் முகவரி இருக்கிறது என்பதற்கு ஆப்மேப் என்றொரு வரைபடமும் உண்டு. இன்னொரு வேடிக்கை: சிஸ்டம்.அவுட் ஃபைனல்தான், ஆனால் செட்அவுட் அதை மாற்றிவிடும் என்பதால் கம்பைலர் அதை மாறிலியாக நம்புவதில்லை. சி2 வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிய சப்கிளாஸ் ஒன்று ஏறி, ‘இந்தக் கிளாஸுக்குச் சப்கிளாஸ் இல்லை’ என்பது போன்ற சி2-வின் கணிப்பைப் பொய்யாக்கலாம். அதனால் கோடைப் பதிவுசெய்யும் கடைசி நொடியில் கணிப்புகள் மறுபடி சரிபார்க்கப்படும். தவறினால் அத்தனை உழைப்பும் குப்பைக்கு.

இனி என் வரிக்கு வருவோம். ஜேஎன்ஐ கொடுக்கும் லோக்கல் ரெஃபரன்ஸும் ஒரு டோக்கன்தான். அந்த த்ரெட்டில், அந்த நேட்டிவ் அழைப்பு முடியும்வரைதான் அது செல்லும். நான் அழைப்பு முடிந்த பிறகும் டோக்கனைப் பையில் வைத்திருந்தேன். அதே எண் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த முறை அதைக் காட்டி ஒரு ஃபீல்டில் எழுதினேன். எழுதியது யாரோ ஒருவரின் பொருளில். அப்போது எதுவும் விழவில்லை. பல நிமிடம் கழித்து ஜிசி அந்தப் பொருளைப் படிக்கப் போய் விழுந்தது.

எக்ஸ்செக் ஜேஎன்ஐ என்ற ஜேவிஎம் ஆப்ஷனைப் போட்டு டெஸ்ட் சூழலில் ஓட்டியபோது அரை மணி நேரத்தில் பிடிபட்டது. அது ரெஃபரன்ஸ் செல்லுமா, கேட்ட ஃபீல்டு அந்தக் கிளாஸுக்கு உரியதா என்று ஒவ்வொரு ஜேஎன்ஐ அழைப்பிலும் சோதிக்கும். வேகம் குறையும், டெஸ்டில் அது பொருட்டல்ல. உங்களிடம் ஜேஎன்ஐ நிரல் இருந்தால் இன்றைக்கே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்படியே, ஜாவா அர்ரேயின் முகவரியை நேரடியாகத் தரக்கூடிய கெட்பிரிமிட்டிவ்அர்ரேகிரிட்டிக்கல் எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள். அதை எடுத்துக்கொண்டு கோப்பு படிப்பது, லாக்குக்குக் காத்திருப்பது எல்லாம் கூடவே கூடாது. ஜேடிகே 22 (2024) வருவதற்கு முன் ஜி1 என்ற ஜிசியில், ஒருவர் அதைப் பிடித்திருந்தால் மற்ற எல்லோருக்கும் ஜிசி நின்றிருக்கும். இப்போது அந்த அர்ரே இருக்கும் ரீஜனை, அதாவது ஹீப்பின் அந்தத் துண்டை மட்டும் நகராமல் பிடித்துவைக்கிறார்கள்.

என் ஸ்டாட்டிக் மாறிக்கு, அழைப்பு முடிந்த பிறகும் செல்லும் டோக்கனைத் தரும் நியூகுளோபல்ரெஃப் போட்டேன். சர்வர் விழுவது நின்றது. மூன்று மாதம் கழித்து ஹீப் மெல்ல மெல்ல நிரம்பத் தொடங்கியது. அந்த டோக்கனைத் திருப்பிக் கொடுக்கும் டெலீட்குளோபல்ரெஃப் எழுத மறந்திருந்தேன்.