மெட்டலுக்கு ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? முதலில் கிளீனைக் கேளுங்கள்

கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பழுது பார்க்கும் என்னிடம் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அண்ணா, மெட்டலும் வாசிக்கணும், கரகரப்பில்லாத கிளீன் சத்தமும் நல்லா இருக்கணும். ஒரே ஆம்ப் வாங்கத்தான் காசு இருக்கு. எதை எடுக்கலாம்?" ஆனால் கடைக்குப் போனதும் கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை முழுக்கத் திருப்பி ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) வாசிக்கிறார்கள், அறை அதிர்ந்தால் உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கிளீனை யாரும் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

கிளீனை வைத்துத்தான் ஆம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். டிஸ்டார்ஷன் (மெட்டலுக்கான கரகரப்பு) போதாவிட்டால் காலால் அழுத்தும் ஒரு எஃபெக்ட் பெடல் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். சத்தம் கூட்டியதும் கரகரக்கும் ஆம்பை எந்தப் பெடலாலும் தெளிவாக்க முடியாது. இன்னொன்று, இன்றைய மெட்டல் டோனில் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் ஒலியை முதலில் வடிவமைக்கும் பகுதியான பிரீஆம்பிலேயே உருவாகிறது. ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் திணறாமல் இருந்தால்தான் பேஸ் (தாழ்ந்த ஒலி) இறுக்கமாக நிற்கும். ஆக, கிளீனுக்குத் தேவையான அதே தாங்குதிறன் மெட்டலுக்கும் தேவை.

மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவே கிளீனுக்கு ரோலண்ட் ஜேசி-120 பயன்படுத்தியவர்கள். 1975-இல் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப் அது. 60 வாட் பவர் ஆம்ப் இரண்டு, 12 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு. டிஸ்டார்ஷனுக்கு வேறு ஆம்ப் வைத்துக்கொண்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை என்பதால்தான் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

கடையில் உங்கள் கிட்டாரையே மாட்டுங்கள். கிளீன் சேனலில் பிரிட்ஜ் பிக்கப்பை (கிட்டாரின் பிரிட்ஜ் அருகே தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) வைத்து, டிரம்மர் பக்கத்தில் இருப்பதாக நினைத்து வால்யூமை ஏற்றி, ஓப்பன் கார்டை ஓங்கி அடியுங்கள். தெளிவாக நின்றால் சரி. அப்புறம் கெயின் சேனலில் தடித்த தந்தியைப் பாம் மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தால் லேசாக அழுத்தி) வாசியுங்கள். கை நின்றதும் சத்தமும் நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் கெயினைக் குறைத்துப் பாருங்கள். மிட்டை (நடுத்தர ஒலி) பூஜ்ஜியத்தில் வைக்கும் பழக்கம் வேண்டாம். வீட்டில் பிரமாதமாகக் கேட்கும் அந்த டோன், பேண்டில் பேஸ் கிட்டாருக்கும் சிம்பலுக்கும் நடுவே காணாமல் போய்விடும்.

பல இரண்டு சேனல் ஆம்ப்களில் பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் இரண்டுக்கும் பொது. மெட்டலுக்குச் சரிசெய்தால் கிளீன் கெடும். தனித்தனியாக இருப்பதையே தேடுங்கள். பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே பெடல்களை இணைக்க உதவும் எஃபெக்ட்ஸ் லூப்பும் முக்கியம். எதிரொலி தரும் டிலேயும் ரிவெர்பும் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வந்தால்தான் ஒலி குழம்பாது.

வாட் எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். டிரம்ஸோடு வாசிக்க 50 வாட் டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் இயங்குவது) தாராளம். பட்ஜெட் குறைவென்றால் பாஸ் கட்டானா 50 போன்ற, பல ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலிங் ஆம்ப் எடுக்கலாம். வீட்டில் வாசிக்க அதன் பவரை 0.5 வாட் வரை குறைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் என்றால் பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் செருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது ஸ்பீக்கருக்குப் போகும் வாட்டைப் பார்க்காதீர்கள்; தகட்டில் போட்டிருக்கும் மின் நுகர்வைவிடக் கூடுதல் திறன் உள்ளதாக வாங்குங்கள். டியூப் ஹெட்டை (ஸ்பீக்கர் உள்ளே இல்லாத டியூப் ஆம்ப்) ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்து என் மேசைக்கு வரும் ஆம்ப்களில் பலவற்றின் கதை இதுதான். அதை மாற்றும் செலவில் நல்ல பெடலே வாங்கிவிடலாம்.